மூன்றுக்குப் பிறகு ஒன்பது: பழைய சுடும் விளையாட்டுகளின் இரகசிய வாசல்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடித்துக் கதிரையில் சாய்ந்திருந்தேன். மருமகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வயது பதினான்கு. அவனைவிட இரண்டு மடங்கு வயதுள்ள டூம் விளையாட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கியிருந்தான்.

"மாமா, மூன்றாவது லெவலை முடித்தேன். இப்போது ஒன்பதாவதில் நிற்கிறேன். நடுவில் இருந்த ஐந்தும் எங்கே? திரும்பிப் போக முடியாதா?"

எட்டிப் பார்த்தேன். வரைபடத்தின் அடியில் "ஈ1எம்9: மிலிட்டரி பேஸ்" என்று இருந்தது, அதாவது முதல் அத்தியாயத்தின் ஒன்பதாவது லெவல். காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியைப் பறிகொடுத்தவனின் முகம் அவனுக்கு. அவன் எதையும் இழக்கவில்லை, எல்லோருக்கும் கிடைக்காத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று நம்பவைக்க அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரத்தைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இங்கே எழுதுகிறேன்.

எஃப்.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் விளையாட்டுகளில் நாயகனின் முகம் தெரியாது. திரையின் அடியில் துப்பாக்கி மட்டும் தெரியும், மற்றதெல்லாம் உங்கள் கண் பார்ப்பது. 1990களில் வந்தவை துண்டு துண்டாக அமைந்தவை. ஒரு துண்டைத்தான் லெவல் என்கிறோம். இனி நான் கட்டம் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொடக்கம், கடைசியில் ஒரு வாசல். வாசலில் பெரும்பாலும் ஓர் ஆளி இருக்கும். அதை அழுத்தினால் அடுத்த கட்டம். சில கட்டங்களில் மட்டும் இரண்டாவதாக ஒரு வாசல் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். அதுதான் இரகசிய வாசல். அதன் வழியாகப் போனால், வழக்கமான வரிசையில் இல்லாத ஓர் இரகசியக் கட்டத்துக்குப் போவீர்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும், நானும் பட்டிருக்கிறேன். எங்கள் தலைமுறைக்கு முதலில் வாய்த்தது தொலைக்காட்சியில் செருகி விளையாடும் கார்ட்ரிட்ஜ். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் முதல் உலகத்தின் இரண்டாவது கட்டத்தில் கூரைமேல் ஏறி நடந்தால், அந்தப் பக்கத்தில் மூன்று குழாய்கள் இருக்கும். இறங்கினால் இரண்டாவது, மூன்றாவது அல்லது நான்காவது உலகத்துக்கே போய்விடலாம். அது உண்மையான குறுக்கு வழி. நடுவில் இருப்பவை தவறிப்போகும். அதில் பழகியவர், ஒளிந்திருக்கும் வழி என்றாலே தாவிப் போகும் வழி என்று நினைத்துவிடுகிறார். டூமின் இரகசிய வாசல் அதற்கு நேர்மாறு.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகிறீர்கள். நெரிசல் தாங்காமல், கடலோரம் மரீன் டிரைவ் வழியாக ஒரு முச்சக்கர வண்டியில் போனால் அது குறுக்கு வழி. பஸ்ஸில் போகும்போதே காலிமுகத்திடலில் இறங்கி, ஓர் இறால் வடை சாப்பிட்டு, கடலைப் பார்த்துவிட்டு, அடுத்த 100இல் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனால் அது இரகசிய வாசல். எந்தத் தரிப்பிடமும் தவறவில்லை. நேரம்தான் கூடியது. வடை மிச்சம்.

டூமின் முதல் அத்தியாயத்தில் வழக்கமான கட்டங்கள் எட்டு. மூன்றாவதான டொக்சின் ரிஃபைனரியில் இரகசிய வாசல் உண்டு. அது ஒன்பதாவதுக்கு அழைத்துப் போகும். ஒன்பதாவதை முடித்தால் நான்காவதுக்கு வந்துசேர்வீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: எட்டுக்குப் பதில் ஒன்பது விளையாடியிருப்பீர்கள். இரண்டாவது அத்தியாயத்தில் ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவதுக்குப் போய் ஆறாவதுக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவதில் ஆறாவதிலிருந்து போய் ஏழாவதுக்கு. ஒன்பது என்ற எண் வரிசையைச் சொல்லவில்லை. எட்டும் எண்ணி முடித்தபின் மிஞ்சியதற்கு ஒட்டிய இலக்கம் அது, அவ்வளவுதான். மருமகனைக் கலங்கவைத்தது இந்த இலக்கமே.

இந்த ஏற்பாடு டூமில் பிறந்ததல்ல. டூமை உருவாக்கிய இட் சொஃப்ட்வேர் நிறுவனமே 1992 மே மாதம் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டியில் இது முழுவடிவில் இருந்தது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் பத்து மாடிகள். எட்டு வழக்கமானவை, ஒன்பதாவதில் பெரிய எதிரி, பத்தாவது இரகசியம். அங்கே வாசல் என்பது ஒரு லிஃப்ட். உள்ளே போய் ஆளியை இழுத்தால் அடுத்த மாடி. இரகசிய மாடிக்குப் போவதும் ஒரு லிஃப்ட்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, ஆளியும் ஒன்றே. பிறகு எப்படி வேறு இடத்துக்குப் போகிறது? எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த நுணுக்கம் இது. அந்த வரைபடம் 64க்கு 64 சதுரங்களால் ஆனது, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண். நீங்கள் ஆளியை இழுக்கும் நேரத்தில் உங்கள் காலடியில் இருக்கும் சதுரத்தின் எண் 107 என்றால் பத்தாவது மாடி. வேறு எதுவானாலும் அடுத்த மாடி. லிஃப்டுக்கு ஒன்றும் தெரியாது. தரைக்குத்தான் தெரியும்.

அந்த லிஃப்டை ஒளித்துவைத்தது தள்ளுசுவர். மற்றச் சுவர்களைப் போலவே இருக்கும். முன்னால் நின்று ஸ்பேஸ் விசையை அழுத்தினால் மெல்லப் பின்னால் நகர்ந்து வழிவிடும். வடிவமைப்பாளர் டொம் ஹோல் இதை வேண்டுமென்று கேட்டபோது, நிரலை எழுதிய ஜோன் கார்மக் தன் சுத்தமான நிரலுக்கு இது அழகில்லை என்று முதலில் மறுத்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. கடைசியில் சேர்த்தார். சேர்த்திராவிட்டால் என் பதின்ம வயதில் பல மாலைகள் வேறு விதமாகப் போயிருக்கும். சுவர் சுவராகத் தடவிக்கொண்டு ஸ்பேஸ் விசையைத் தட்டியபடி நடப்போம். 1996இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட நாட்களில், ஒரு மாடியின் கால்வாசிச் சுவரைத் தட்டி முடிக்கும் நேரத்தில் திரை இருண்டுவிடும். சேமித்துவைக்காதவன் முதலிலிருந்து தட்ட வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் இரகசிய லிஃப்ட் முதல் மாடியிலேயே இருக்கிறது. விளையாட்டைத் தொடங்கியவுடனே பத்தாவது மாடிக்குப் போய், இரண்டாவதுக்குத் திரும்பிவிடலாம். மூன்றாவது அத்தியாயத்தில் அது ஏழாவது மாடியில். அதன் பத்தாவது மாடி முழுவதும் பக்மான் விளையாட்டின் புதிர்ப்பாதை. நான்கு பேய்கள் அலையும். அவற்றைச் சுட்டுக் கொல்ல முடியாது, தொட்டால் உயிர் குறையும். நாஜிப் படையினரைச் சுட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று பேய்களுக்கு ஓடி ஒளிகிறான். இரகசியக் கட்டங்கள் எதற்காக என்று கேட்டால் என் பதில் இதுதான்: கதைக்குப் பொருந்தாத விளையாட்டுத்தனத்தைச் செய்து பார்க்க, உருவாக்கியவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம் அது.

தள்ளுசுவரில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருமுறை நகர்ந்தது திரும்பி வராது. இரண்டாவது அத்தியாயத்தின் எட்டாவது மாடியில் தள்ளுசுவர்களாலேயே கட்டிய பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தவறான சுவரைத் தள்ளினால் நீங்களே உங்களை அடைத்துக்கொள்வீர்கள். அதன் நடுவில், வெளியீட்டு நிறுவனமான அப்போஜிக்குத் தொலைபேசியில் அழைத்து "ஆர்ட்வுல்ஃப்" என்று சொல்லுங்கள் என்றோர் அறிவிப்பு. முதலில் கண்டுபிடிப்பவருக்கான போட்டியாகத் திட்டமிட்டார்கள். வரைபடத்தைத் திறந்து பார்க்கும் மென்பொருட்கள் ஏமாற்றுக் குறியீடுகளோடு பரவிவிட்டதால் போட்டி நடக்கவேயில்லை.

1993 டிசம்பர் 10ஆம் திகதி டூம் வந்தபோது சதுரங்கள் போய்விட்டன. சுவர்கள் எந்தக் கோணத்திலும் நிற்கும் கோடுகளாயின. அதனால் வாசலின் இரகசியமும் தரையிலிருந்து கோட்டுக்கு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் அது என்ன செய்யும் என்று சொல்லும் எண் உண்டு. 11 என்றால் அழுத்தினால் வழக்கமான அடுத்த கட்டம். 51 என்றால் அழுத்தினால் இரகசியக் கட்டம். நடந்து கடந்தாலே வேலை செய்யும் வாசல்களுக்கு முறையே 52, 124. எந்தக் கட்டத்தில் 51 இருந்தாலும் போகுமிடம் ஒன்பதுதான். திரும்பி வரும் இடமோ அத்தியாயத்துக்கு ஒன்றாக நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்களே ஒரு டூம் கட்டத்தை வரைந்து, முதல் அத்தியாயத்தின் இரண்டாவது கட்டத்தில் இரகசிய வாசல் வைத்தாலும், ஒன்பதாவதை முடித்தவர் நான்காவதில்தான் இறங்குவார், மூன்றாவது தவறிவிடும். அப்போது மட்டும் மருமகனின் கவலை நியாயமானது.

டூம் 2இல் அத்தியாயங்கள் இல்லை, 30 கட்டங்கள் ஒரே ஓட்டம். 15ஆவதிலிருந்து இரகசிய வாசலால் 31ஆவதுக்குப் போகலாம். அது வுல்ஃபென்ஸ்டைனின் முதல் மாடியின் மறுபதிப்பு. நீலச் சுவர்களும் பழைய படையினரும் அப்படியே. அதற்குள்ளும் ஓர் இரகசிய வாசல் இருக்கிறது, 32ஆவதுக்கு. அங்கே அந்த நிறுவனத்தின் பழைய சிறுவர் விளையாட்டின் நாயகன் கொமாண்டர் கீன் நான்கு உருவங்களாகத் தூக்கில் தொங்குகிறான். நால்வரையும் சுட்டால்தான் வாசல் திறக்கும். ரசனை எப்படிப்பட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். முடித்தால் 16ஆவதில் வந்துநிற்பீர்கள். நிரலில் ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு: கோப்பில் 31ஆவது கட்டம் இல்லாவிட்டால் இரகசிய வாசலும் வழக்கமான வாசலாகவே நடந்துகொள்ளும்.

1996இல் வந்த குவேக்கில் இப்படித் தனி வகை எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு வாசலும் தான் போக வேண்டிய கட்டத்தின் பெயரைத் தானே வைத்திருக்கிறது. ஒளித்துவைத்தால் இரகசிய வாசல், வெளியே வைத்தால் வழக்கமான வாசல். முதல் அத்தியாயத்தின் நான்காவது கட்டத்திலிருந்து போகும் சிகுரட் வேர்ட்டிகோவைத் தவறவிடாதீர்கள். வேறெங்கும் 800 ஆக இருக்கும் ஈர்ப்பு விசையை அந்தக் கட்டத்துக்கு மட்டும் 100 ஆக்கியிருக்கிறார்கள். குதித்தால் நிதானமாக மிதந்து இறங்கலாம், எதிரியும் அப்படியே மிதப்பான்.

இன்னொரு குழப்பம். கட்டம் முடிந்ததும் வரும் கணக்குத் திரையில் "இரகசியம்" என்று ஒரு சதவீதம் காட்டும். அது இரகசிய வாசலின் கணக்கல்ல. டூமில், வரைபடத்தின் ஒரு பகுதிக்கு 9 என்ற குறி இட்டிருந்தால், அதன் தரையில் உங்கள் கால் பட்டதும் ஒரு இரகசியம் எண்ணப்படும். உள்ளே பெரும்பாலும் தோட்டாவோ கவசமோ இருக்கும். இரகசிய வாசலைக் கண்டுபிடித்தும் சதவீதம் குறைவாக இருக்கலாம். மருமகன் 100 கிடைக்கவில்லை என்று வாசலையே சந்தேகித்தான்.

சரி, தேடுவது எப்படி? எல்லாச் சுவரையும் தட்டுவது வுல்ஃபென்ஸ்டைன் காலத்துத் தண்டனை. டூமில் அது தேவையில்லை, அதோடு வெறும் சுவரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாயகன் முக்குவான். பக்கத்து அறையில் இருப்பவர்கள் உங்களைப் பற்றி வேறு விதமாக நினைப்பார்கள். டூமை வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள், ஏதோ ஒரு தடயம் விட்டிருப்பார்கள். சுவர் ஓவியம் ஒரு துண்டில் மட்டும் பொருந்தாமல் விலகியிருக்கும், அல்லது நிறம் சற்று மாறியிருக்கும். காரணமில்லாமல் ஒரு மூலையில் விளக்கு துடிக்கும். ஓர் ஆளியை அழுத்தியபின் கண்முன் எதுவும் திறக்காமல் தூரத்தில் கதவு உயரும் சத்தம் மட்டும் கேட்டால், அது எங்கே என்று போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல தடயம் ஜன்னல். முதல் கட்டத்திலேயே ஜன்னலுக்கு வெளியே திறந்த முற்றம் தெரியும். அங்கே ஒரு நீலக் கவசம். அங்கே போகும் கதவு எங்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்கு எட்டவில்லை. அப்படியானால் வழி இருக்கிறது என்று அர்த்தம். டூம் தன் முதல் கட்டத்திலேயே கற்றுத்தரும் பாடம் அது. டேப் விசையை அழுத்தினால் வரும் வரைபடத்தையும் பாருங்கள்; அறைகளுக்கு நடுவே காரணமில்லாமல் வெற்றிடம் விட்டிருந்தால் அந்தப் பக்கச் சுவரை அழுத்தலாம். ஆனால் வரைபடமும் பொய் சொல்லும். கோட்டுக்கு ஒரு குறி இட்டுவிட்டால் இரகசியக் கதவு வரைபடத்தில் வெறும் சுவராகவே தெரியும்.

குறுக்கு வழியைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதுவும் இந்த விளையாட்டுகளில் உண்டு, ஆனால் சிறந்தவை வடிவமைத்தவர்கள் வைத்தவையல்ல. விளையாடியவர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவை.

டூமில் ஓடும்போது முன்னோக்கிய வேகம் 50, பக்கவாட்டில் 40. இரண்டு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் என்ன ஆகும்? மூலைவிட்டத்தில் ஓடும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று நிரலில் எழுதவில்லை. இரண்டும் கூடிவிடுகின்றன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பைதகரஸ் தேற்றம் இங்கே உதவும்: 50இன் வர்க்கமும் 40இன் வர்க்கமும் சேர்ந்து 4100, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 64. அதாவது நேராக ஓடுபவனைவிட 28 சதவீதம் வேகம். டூமில் குதிக்கும் விசையே இல்லை. ஆனால் எதிர்த் திட்டின் மேற்பரப்புக்கு 24 அலகுக்குக் கீழே விழுவதற்குள் இடைவெளியைக் கடந்துவிட்டால், நாயகன் படி ஏறுவதுபோல அதன்மேல் ஏறிக்கொள்வான். வடிவமைத்தவர், பாலத்தை எழுப்ப ஆளியைத் தேடட்டும் என்று விட்ட பள்ளத்தை, மூலைவிட்டத்தில் ஓடுபவன் ஆளியைத் திரும்பிப் பார்க்காமலே தாண்டிவிடுகிறான்.

குவேக்கில் குதிக்க முடியும் என்பதால் நிலைமை இன்னும் கைமீறிப் போனது. காலடியில் ரொக்கெட்டை வெடிக்கவைத்து அந்த உந்துதலில் மேலே பறப்பது, தொடர்ந்து குதித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது என்று ஒரு கலையே உருவானது. 1997இல் ஒரு குழு அந்த விளையாட்டு முழுவதையும் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 வினாடிகளில் முடித்துக் காட்டியது. 2000இல் அது 12 நிமிடம் 23 வினாடிகளாகக் குறைந்தது. இப்படி ஓடுபவருக்கு இரகசிய வாசல் ஒரு தொல்லை. வடை சாப்பிட அவருக்கு நேரமில்லை.

குறுக்கு வழிக்காரரின் வித்தை இரகசிய வாசலுக்கே தேவைப்படும் ஓர் இடமும் உண்டு. டூமின் மூன்றாவது அத்தியாயம், ஆறாவது கட்டம், மவுண்ட் எரெபஸ். எரிகுழம்புக்கு நடுவே நிற்கும் ஒரு கட்டடத்தில் இரகசிய வாசல். பாலமில்லை. ரொக்கெட்டைச் சுவரில் அடித்து, அந்த வெடிப்பின் தள்ளலில் பின்பக்கமாகப் பறந்து போக வேண்டும். டூமில் வெடிப்பு மேலே தூக்காது, பக்கவாட்டில் மட்டுமே தள்ளும். ஆகவே உயரமான இடத்தில் நின்று, இலக்குக்கு முதுகைக் காட்டி, உடம்பில் போதிய கவசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுட வேண்டும். மூலைவிட்ட ஓட்டத்தில் தேர்ந்தவர்கள் ரொக்கெட் இல்லாமலே போய்விடுவார்கள்.

அந்த வாசலுக்குப் பின்னால் இருப்பது வாரன்ஸ் என்ற ஒன்பதாவது கட்டம். அது அந்த அத்தியாயத்தின் முதல் கட்டத்தைப் போலவே தொடங்கும்; அதே சிவந்த தரை, அதே வளைவு, அதே திருப்பங்கள். வாசலைத் தொடப்போகும் நேரத்தில் சுற்றியிருக்கும் சுவர்கள் கீழே இறங்கும். பின்னால் நிற்பவன் சைபர்டீமன், கைக்குப் பதிலாக ரொக்கெட் குழாய் பொருத்திய பிசாசு.

இதை மட்டும் மருமகனுக்கு அன்று சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மாமா, ரொக்கெட்டில் பறந்து போய்விட்டேன். பதினெட்டுத் தடவை செத்தேன். ஆனால் விளையாட்டு பழுதாகிவிட்டது. திரும்பவும் முதல் லெவலுக்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது."

"தோட்டா எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான். ஏன் மாமா?"

"ஒன்றுமில்லை. வாசலுக்குப் போ."